நெஞ்சில் நிற்பது தோல்வியே!

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, அக்காமார்களே, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட பிறகும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் அவையோரே, அனைவருக்கும் வணக்கம். மணி அடிக்க ஆள் தயாராக இருக்கிறார். நேரே பந்துக்கு வருகிறேன்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ரசிகனின் நெஞ்சில் நிற்பது வெற்றியின் களிப்பா, தோல்வியின் தவிப்பா? தவிப்புதான் என்று அடித்துச் சொல்கிறேன்.

ஏன்? கல்லூரிகளின் தேசியக் கோப்பைக்கான மார்ச் மாதப் போட்டியில் 68 அணிகள் இறங்குகின்றன. ஒரு முறை தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஏப்ரல் தொடக்கத்தில் ஓர் அணி கோப்பையைத் தூக்கும்போது மற்ற 67 அணிகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊர் திரும்பியிருக்கும். தொழில்முறை ஆட்டக்காரர் தோற்றால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம். கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கும் பையனுக்கு அடுத்த ஆண்டு ஏது? அன்று கழற்றும் சட்டையை அவன் மறுபடி போடப்போவதில்லை.

எதிரணி அக்கா 1992ஆம் ஆண்டைச் சொன்னார். டியூக், கென்டக்கி என்ற இரண்டு பல்கலைக்கழக அணிகள் பிலடெல்பியாவில் மோதிய ஆட்டம். கூடுதல் நேரத்தில் கென்டக்கி ஒரு புள்ளி முன்னே. மீதம் இருப்பது 2.1 நொடி. கிரான்ட் ஹில் ஒரு கோடியிலிருந்து பந்தை வீச, மறுகோடியில் கிறிஸ்டியன் லேட்னர் தாவிப் பிடித்து, ஒரு தட்டுத் தட்டி, திரும்பி எறிந்தார். 104–103. டியூக் வென்றது. அன்று லேட்னர் எறிந்த பத்துப் பந்தும், பத்துத் தண்டனை எறிதலும் பிசகாமல் உள்ளே போயின. அக்கா சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் அக்கா, பாதிக் கதையில் நிறுத்திவிட்டீர்களே!

தோற்ற கென்டக்கியில் நான்கு மூத்த மாணவர்கள் இருந்தார்கள். அவர்கள் சேர்ந்த புதிதில் அந்த அணி விதிமீறலுக்காகத் தண்டிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் மார்ச் போட்டிக்கே போக முடியாது. சிலர் வேறு கல்லூரி தேடிப் போனார்கள். இந்த நால்வரும் போகவில்லை. கடைசி ஆண்டில் இத்தனை தூரம் வந்து, 2.1 நொடியில் எல்லாம் போயிற்று. அந்தப் பல்கலைக்கழகம் என்ன செய்தது தெரியுமா? தோற்று வந்த நால்வரின் சட்டைகளையும், தன் அணி ஆடும் ரப் அரங்கத்தின் உச்சியில் கட்டித் தொங்கவிட்டது. கோப்பை வாங்கியவர்களுக்குச் செய்யும் மரியாதை அது. ‘மறக்க முடியாதவர்கள்’ என்றுதான் அந்த அணியை இன்றும் அந்த ஊர் அழைக்கிறது. நெஞ்சில் நிற்பது எது என்ற கேள்விக்கு அந்த ஊரே பதில் எழுதி மேலே மாட்டியிருக்கிறது!

இன்னோர் அண்ணன் 2019இல் வர்ஜீனியா கோப்பை வென்றதைச் சொன்னார். அந்த வெற்றியை யாராவது 2018ஐச் சொல்லாமல் தொடங்கியதுண்டா? தன் பிரிவின் தரவரிசையில் முதல் இடத்திலிருந்த வர்ஜீனியாவை, அதே பிரிவில் கடைசியான பதினாறாம் இடத்திலிருந்த ஒரு பால்டிமோர்க் கல்லூரி 74–54 என்று சாய்த்தது. அதற்கு முன் ஆடவர் போட்டியில் முதல் இடமும் பதினாறாம் இடமும் மோதிய 135 ஆட்டங்களில் ஒரு முறைகூட அப்படி நடந்ததில்லை. அந்தத் தோல்வி இல்லாவிட்டால் அந்த வெற்றிக்கு ஏது சுவை?

இத்தோடு நான் உட்கார்ந்துவிடலாம். ஆனால் எதிரணித் தலைவர், என் மதிப்பிற்குரிய அண்ணன், போகிறபோக்கில் ஓர் அம்பு எய்தார். “இவர் படித்தது திருச்சியில், வேலை பார்ப்பது ராலேயில், அழுவது சேப்பல் ஹில்லுக்காக. கட்டணம் கட்டாதவருக்குக் கண்ணீர் எதற்கு?” என்று கேட்டார். அரங்கம் அதிர்ந்தது. இதற்குப் பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க மாட்டேன்.

அண்ணா, நான் இந்த வட கரோலினா மாநிலத்துக்கு வந்தபோது என்னிடம் கார் இல்லை. வட கரோலினாப் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில்லில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அந்த ஊரில் 2002 முதல் நகரப் பேருந்தில் யாருக்கும் டிக்கெட் கிடையாது. பல்கலைக்கழகமும் நகராட்சிகளும் சேர்ந்து செலவைத் தாங்குகின்றன. குளிர்காலம் முழுவதும் அந்தப் பேருந்தில்தான் போய்வந்தேன். ஏறியதும் ஓட்டுநர் வணக்கம் சொல்லமாட்டார், “நேற்று ஆட்டம் பார்த்தாயா?” என்பார். ஒரு வாரம் இல்லை என்று தலையாட்டினேன். பிறகு அவருக்குப் பதில் சொல்வதற்காகவே பார்க்கத் தொடங்கினேன். பேச ஆளில்லாத ஊரில் எனக்குப் பேச்சுத்துணை தந்தது அந்த அணி. வெளிர்நீலச் சட்டை போட்ட அந்தப் பிள்ளைகளின் பெயர்தான் இந்த நாட்டில் நான் முதலில் பாடமாக்கிய பெயர்கள். எனக்கு உரிமை இல்லையா?

அண்ணன் மதுரைப் பக்கம் பிறந்தவர். சென்னை சூப்பர் கிங்ஸ் தோற்ற மறுநாள் அவர் முகத்தைப் பார்த்தவன் நான். யாரும் அவரிடம் கட்டண ரசீது கேட்கவில்லை. 1999இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன் எடுக்க வேண்டும். டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 எடுத்து வெளியேற, இந்தியா 12 ரன்னில் தோற்றது. வென்ற பாகிஸ்தான் அணிக்குச் சேப்பாக்கம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தப் பன்னிரண்டு ரன் இந்த அவையில் எத்தனை பேருக்கு இன்னும் வலிக்கிறது? அதோ, அண்ணனே கை தூக்குகிறார்! நடுவர் அவர்களே, குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது 2016க்கு வருகிறேன். ஏப்ரல் 4, ஹூஸ்டன், இறுதி ஆட்டம். நம் வட கரோலினா ஒரு பக்கம், வில்லனோவா மறுபக்கம். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அரங்கில். நாங்கள் கேரி என்ற ஊரில் ஒரு நண்பர் வீட்டில் கூடியிருந்தோம். தட்டில் தயிர்சாதம். பிசைந்த கை பிசைந்தபடியே நின்றுவிட்டது. சோறு விரலில் காய்ந்து ஒட்டிக்கொண்டது. கை கழுவ எழுந்தால் ராசி போய்விடும் என்று ஒருவரும் எழவில்லை. கடைசிக் கட்டத்தில் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்த நம் பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடிக்கிறார்கள். 74–71. இன்னும் மூன்று புள்ளி வேண்டும். பந்து மார்கஸ் பெய்ஜ் கையில். நான்காம் ஆண்டு மாணவர். இதுதான் கடைசி ஆட்டம். அவர் எழும்பினார். தடுக்க ஓர் ஆள் பாய்ந்து வந்தார். எழும்பிய கையை அந்தரத்திலேயே இழுத்து, கால்களை மடக்கி, அந்த ஆள் கடந்து போகும் வரை காற்றில் நின்று, கீழே விழும்போது எறிந்தார். பந்து வளையத்துக்குள் போனது! 74–74! மீதம் 4.7 நொடி. நண்பர் வீட்டில் நாங்கள் போட்ட கூச்சலில் மாடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் எல்லாம் எழுந்து ஓடிவந்துவிட்டார்கள்.

டைம் அவுட் முடிந்தது. வில்லனோவாவின் ஆர்ச்சிடியாக்கனோ பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தார். பின்னால் வந்த கிறிஸ் ஜென்கின்ஸிடம் கொடுத்தார். ஜென்கின்ஸ் எறிந்தார். பந்து காற்றில் இருக்கும்போதே, நேரம் முடிந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு பலகையில் எரிந்தது. பந்து உள்ளே விழுந்தது. 77–74. முடிந்தது.

இதை மறுபடி சொல்கிறேன். இந்த முறை பந்தைப் பார்க்காதீர்கள், ஜென்கின்ஸைப் பாருங்கள். கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே கொடுத்தவரே அவர்தான். கொடுத்தவரைக் கவனிக்க யாருக்கும் தோன்றவில்லை. எல்லாக் கண்ணும் பந்தோடு ஓடியது. அவர் ஒரு நேர்கோட்டில் பின்னாலேயே வந்தார். பந்து வந்து சேர்ந்தபோது தயங்கவே இல்லை. அவருடைய பயிற்சியாளர் ஜே ரைட் துள்ளவில்லை, கத்தவில்லை. பந்து விழுந்ததும் எதிர் அணிப் பயிற்சியாளருக்குக் கைகொடுக்க நடந்துபோனார்.

இன்னும் ஒரு முறை சொல்கிறேன், நடுவர் அவர்களே, மணியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள். இந்த முறை ஜென்கின்ஸையும் பார்க்காதீர்கள். தோற்ற வட கரோலினா அணியில் நேட் பிரிட் என்று ஒரு பையன் இருந்தானே, அவனைப் பாருங்கள். நேட் பிரிட்டும் கிறிஸ் ஜென்கின்ஸும் அண்ணன் தம்பி!

ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் இல்லை. சிறுவர்களாகப் பந்தாடும்போது பழகியவர்கள். ஜென்கின்ஸ் தென் கரோலினாவைச் சேர்ந்தவர். பிரிட் குடும்பம் அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துவந்து, சட்டப்படி காப்பாளர் பொறுப்பேற்று, தங்கள் பிள்ளையோடு பிள்ளையாக வளர்த்தது. ஒரே கூரையின் கீழ் வளர்ந்த இருவரில் ஒருவர் வில்லனோவாவுக்குப் போனார், மற்றவர் சேப்பல் ஹில்லுக்கு வந்தார். நாட்டிலேயே பெரிய ஆட்டத்தின் கடைசி நொடியில் ஒரு பிள்ளை எறிந்த பந்து இன்னொரு பிள்ளையின் கனவின் மேல் விழுந்தது. வளர்த்த தாய் தந்தை அன்று எந்தப் பக்கம் கைதட்டுவார்கள்? எந்தப் பக்கம் கண்ணீர் விடுவார்கள்?

அண்ணா, உங்கள் கேள்விக்கு அந்த வீடுதான் என் பதில். பெறாத பிள்ளையை அவர்கள் தங்கள் பிள்ளை என்று சொல்லலாம் என்றால், படிக்காத கல்லூரியை நான் என் கல்லூரி என்று சொல்லக்கூடாதா? உறவு என்பது சான்றிதழில் வருவதா?

அடுத்த ஆண்டு, 2017இல், அரிசோனாவில் கொன்சாகாவை 71–65 என்று வென்று வட கரோலினா கோப்பையைத் தூக்கியது. நேட் பிரிட்டுக்கு அது கடைசி ஆண்டு. முந்தைய ஆண்டு அதே அணியின் நெஞ்சில் பந்தை எறிந்த கிறிஸ் ஜென்கின்ஸ், சகோதரனுக்காகக் கைதட்ட வந்திருந்தார். இது வெற்றிக் கதை ஆயிற்றே என்று எதிரணி எழுதிக்கொள்ளட்டும். நான் தடுக்கப் போவதில்லை. எனக்கு அந்தக் கைதட்டல் போதும்.

நடுவர் அவர்களே, கடைசியாக ஒன்று. 2022 ஏப்ரல் 2, நியூ ஆர்லியன்ஸ். மார்ச் போட்டியின் வரலாற்றில் டியூக்கும் வட கரோலினாவும் சந்தித்த முதல் ஆட்டம். இரண்டு கல்லூரிகளுக்கும் இடையே இருப்பது சுமார் 16 கிலோமீட்டர். அப்படியும் அங்கே அவர்கள் அதற்கு முன் மோதியதே இல்லை. டியூக் பயிற்சியாளர் ஷஷெவ்ஸ்கி அந்த ஆண்டோடு விடைபெறுகிறார். தோற்றால் இதுவே அவருக்குக் கடைசி ஆட்டம். ஏறக்குறைய 25 நொடி இருக்கையில் கேலப் லவ் மூன்று புள்ளி எறிந்தார். 81–77. என் அணி வென்றது! இத்தனை ஆண்டு நான் காத்திருந்த வெற்றி. துள்ளிக் குதித்துத் திரும்பினேன். பக்கத்தில் என் மகள்.

இங்கே பிறந்த பெண். பள்ளித் தோழிகளோடு சேர்ந்து டியூக் ரசிகையாகிவிட்டவள். கருநீலச் சட்டையின் கழுத்துப்பட்டியை வாயில் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். எனக்குக் குதிக்கக் கால் வரவில்லை. லவ் எறிந்த பந்து எந்தப் பக்கத்திலிருந்து போனது என்று இன்று கேட்டால் யோசிக்க வேண்டும். அந்தக் கழுத்துப்பட்டியில் ஓரத் தையல் பிரிந்திருந்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. அதைத் தடவிக்கொடுத்தபடி, “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் கண்ணு” என்றேன். வென்றவன் சொல்கிற பேச்சா அது? தகப்பன் சொல்கிற பேச்சு.

அந்தப் பெண் இப்போது டியூக்கில் படிக்கிறாள். அண்ணா, கட்டணம் கட்டிவிட்டேன். இனி இரண்டு கல்லூரிக்கும் அழுவேன்! அடுத்த முறை அவர்கள் மோதும்போது வெளிர்நீலத்தில் நானும் கருநீலத்தில் அவளும் ஒரே சோபாவில் உட்காருவோம். நீங்களும் அண்ணியோடு வாருங்கள், தயிர்சாதம் உண்டு.

நடுவர் அவர்களே, எங்கள் அணிக்குத் தீர்ப்புத் தாருங்கள். நன்றி, வணக்கம்.