ராஜா வீட்டுக்கும் வாரிசு வரி வேண்டும்

நடுவர் அவர்களே, இரு அணியினரே, பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் என் மதுரை மக்களே, வணக்கம். ஒருவர் இறந்தபின் அவர் விட்டுப்போகும் சொத்துக்குக் கட்டுவது வாரிசு வரி. அது ராஜா வீட்டுக்கும் வேண்டும் என்பது எங்கள் அணி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் கேட்டார்: "ராஜா வீட்டுச் சொத்துக்கு வாரிசு வரி போட்டா அரண்மனை மிஞ்சுமா? நம்ம நாயக்கர் மகால் நின்னுருக்குமா?" நீங்களும் கை தட்டினீர்கள்.

அண்ணே, மதுரையில் நின்றுகொண்டு மகாலை இழுத்துவிட்டீர்கள். இனி நான் விடமாட்டேன். 1636-ல் திருமலை நாயக்கர் கட்டினார். பிறகு அது பேரன் சொக்கநாத நாயக்கர் கைக்கு வந்தது. வாரிசு வரி என்று ஒரு காசு கட்டினாரா? இல்லை. காப்பாற்றினாரா? திருச்சியில் தனக்கு அரண்மனை கட்ட, தாத்தா கட்டியதை இடித்துப் பேர்த்துக்கொண்டு போனார்! கட்டிப் பிடித்தால் கை சேராத அந்தத் தூண்களைப் பார்த்து வாயைப் பிளக்கிறோமே, அது மிச்சம். கால் பங்குதான் மிச்சம் என்கிறார்கள். மகாலை இடித்தது யார்? தாசில்தாரா? வரி ஆபீசரா? பேரன், அண்ணே, சொந்தப் பேரன்!

அப்புறம் பாழாய்க் கிடந்ததைச் செப்பனிட்டது எந்த வாரிசு? நேப்பியர் பிரபு சென்னை மாகாண கவர்னராக இருந்தபோது அரசாங்கம் செப்பனிட்டது. அரசாங்கப் பணம் என்றால் யார் பணம்? கிஸ்தி கட்டிய குடியானவன் பணம்!

சரி, லண்டனுக்கு வருகிறேன். பிரிட்டனில் ஒருவர் இறந்தால், 3,25,000 பவுண்டுக்கு மேற்பட்ட சொத்துக்குப் பொதுவாக 40 சதவீதம் வரி. கணவன் மனைவிக்குள் கிடையாது. ராஜாவுக்கு? பட்டத்தில் இருப்பவர் அடுத்துப் பட்டத்துக்கு வருபவருக்கு விட்டுப்போகும் சொத்துக்கு வரி இல்லை என்று 1993-ல் அரசாங்கத்தோடு பேசி முடித்துவிட்டார்கள். 2022-ல் எலிசபெத் ராணி மறைந்தபோது அவருடைய சொந்த மாளிகைகளான பால்மோரலும் சாண்ட்ரிங்காமும் அப்படித்தான் மகன் சார்லஸுக்குப் போயின. பக்கிங்காம் அரண்மனை நாட்டுச் சொத்து, அதை நான் கேட்கவில்லை. சொந்தச் சொத்தைத்தான் கேட்கிறேன்.

அதே நாட்டில் வில்ட்ஷயரில் ஒரு அக்கா, ஒரு தங்கை. கல்யாணம் ஆகவில்லை. ஆயுசு முழுக்க ஒன்றாகவே இருந்தவர்கள். பெற்றோர் விட்டுப்போன நிலத்தில் வீடு. ஒருத்தி கண்ணை மூடினால் வரி கட்ட மற்றவள் வீட்டை விற்க வேண்டுமே என்று பயந்து, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2008-ல் தோற்றார்கள். எண்பதைத் தாண்டிய வயசு, ஐயா!

நம் வீடுகளிலும் அப்படி ஒரு அத்தை இருக்கிறாள். தம்பி தங்கைகளை வளர்த்துக் கரையேற்றிவிட்டுத் தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளாதவள். ராத்திரி இரண்டு தடவை எழுந்து வாசக்கதவுத் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பாள். கூடப் பிறந்தவளைத் தூக்கிக்கொடுத்து முப்பது நாள்கூட ஆகாமல், அவளிடம் போய் "வீட்டை வித்தாவது வரியைக் கட்டு" என்று சொல்ல நமக்கு வாய் வருமா? அந்த வில்ட்ஷயர் தங்கைக்கு ஒரு சட்டம், மகுடம் வைத்த மகனுக்கு ஒரு சட்டமா? அவளிடம் கேட்பதை ராஜாவிடமும் கேளுங்கள், நடுவர் அவர்களே! வணக்கம்.