கேணிப் படியும் லேத் மெசினும்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே வரும் வழியில் ஒரு கடைசல் பட்டறையில் கொஞ்ச நேரம் நின்றேன். லேத்தில் இரும்புத் தண்டு சுழல, உளி நுனியில் பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சுருண்டு வந்த இரும்புச் சீவல் அதில் பட்டுச் சுர்ரென்றது. தட்டு நிறைந்ததும் வேலைக்கு நின்ற பெடியன் அதைத் தூக்கிப் பின்வளவில் ஊற்றினான். கிட்டத்திலேயே கிணறு.

அந்தப் பால்நிறம் தண்ணீரில் கலக்கிய ஒயில். தண்ணீர் ஒயிலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சூட்டை வாங்கிக்கொள்ளும், தீயும் பற்றாது. ஆனால் அழுத்தினால் ஒயில் தடிக்கும், தண்ணீர் பிதுங்கி ஓடிவிடும். பிறகு இரும்பும் இரும்பும் தேயும், துருவும் பிடிக்கும்.

இதற்கு மருந்தாகத்தான் தண்ணீரில் அயன் திரவங்களை, அதாவது மின்னேற்றம் கொண்ட துணிக்கைகளான அயன்களால் ஆன திரவங்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். அவையும் உப்புத்தான். கறியுப்பு உருக 801 பாகை செல்சியஸ் வேண்டும். இவை 100 பாகைக்குக் கீழேயே திரவம். அயன்கள் பெரிதாகவும் கோணலாகவும் இருப்பதால் நெருக்கமாக அடுக்குப்பட முடியாது. 1914இல் போல் வால்டன் விவரித்த எதைல் அமோனியம் நைத்திரேற்று 12 பாகையளவிலேயே உருகிவிடும். உராய்வைக் குறைக்க இவை உதவும் என்று சீன ஆய்வாளர்கள் காட்டியது 2001இல்.

கேணிப் படியில் கால் வைத்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். கழுவிய படியில் தண்ணீர் நின்றாலும் கால் ஊன்றும். பாசி பிடித்த படி வழுக்கிவிடும். இரண்டிலும் தண்ணீர் ஒன்றுதான், வித்தியாசம் கல்லில் ஒட்டிய மெல்லிய படைதான். நூற்றுக்கு ஒரு பங்கு அயன் திரவமும் உலோகத்தில் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. பொஸ்பரசு உள்ளவை உரசும் இடத்தில் இரும்போடு தாக்கமடைந்து பொஸ்பேற்றுப் படையையே உண்டாக்கும்.

ஆரம்பத்தில் பயன்படுத்திய சிலவற்றில் புளோரின் இருந்தது. அவை தண்ணீரோடு சேர்ந்து ஐதரோபுளோரிக்கமிலத்தைக் கக்கி உலோகத்தையே அரித்தன. அதனால் இப்போது உணவிலும் உள்ள கோலின், கொழுப்பமிலம் போன்றவற்றிலிருந்து செய்கிறார்கள்.

சரி, எங்கள் ஊருக்கு வருவோம். நாம் இருப்பது சுண்ணாம்புக் கல்லின் மேல். நிலத்தில் ஊற்றுவது கிணற்றுக்குப் போகும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகக் கிணறுகளில் ஒயில் கலந்தபோது பட்ட பாடு மறக்கக்கூடியதா? ஒயிலாவது மிதக்கும், மணக்கும். கரைந்த அயன் திரவம் கண்ணுக்கே தெரியாது. நீண்ட காபன் சங்கிலியை வாலாகக் கொண்ட சில வகைகள் நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. தண்டு தேயவில்லை என்பதோடு, மண்ணில் எத்தனை நாளில் அழிகிறது என்பதையும் கட்டாயம் கேளுங்கள்.

பிள்ளைகளே, இன்னொன்று. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காமல் திரைகிறதே, அதற்குக் காரணமான கல்சியம் கொழுப்பமிலத்தால் செய்த அயன் திரவத்தையும் திரைய வைக்கும். காய்ச்சி வடித்த நீரில் மட்டும் பரிசோதிக்காமல், அந்தப் பட்டறைக் கிணற்றில் அள்ளிய தண்ணீரிலும் செய்து பாருங்கள். வாளி தருவதாகப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார்.