ஆச்சியின் ‘இதர’க் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். வரவு செலவு எழுதி வைக்கிற ஆப்களைப் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். செட்டிநாட்டில் உட்கார்ந்து கணக்கைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் வந்துவிட்டேன்.

மென்பொருள் வேலையில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பக்கத்து இலைக்காரர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “செலவுக் கணக்குக்கு எந்த ஆப் நல்ல ஆப்?” நான் பதில் சொல்வதில்லை, திருப்பிக் கேட்பேன்: நேற்று ராத்திரி படுக்கும்போது உங்கள் பையில் எவ்வளவு இருந்தது? பெரும்பாலும் அடுத்த பதிலாக ரசம் கேட்பார்கள்.

விளையாட்டுக்குக் கேட்பதில்லை. அந்தக் காலத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் இருந்த நகரத்தார் கடைகளில் வேலைக்குச் சேர்கிற சின்னப் பையனுக்குப் ‘பெட்டியடிப் பையன்’ என்று பெயர். அவனுக்கு மேலே அடுத்தாள், அதற்கும் மேலே மேலாள். பெட்டியடியில் உட்கார்ந்து பணத்தை எண்ணி, ஏட்டில் எழுதியிருக்கிற இருப்பும் பெட்டியில் இருக்கிற இருப்பும் ஒன்றா என்று பார்ப்பதில்தான் தொழிலே தொடங்கும். நம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அந்தச் சாய்மூடிக் கணக்குப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். இப்போது அது வரவேற்பறை அலங்காரம். அதன் மேல் வைத்து எழுதியவர்கள் செய்த வேலையைச் செய்கிறதா என்றுதான் நான் ஒரு ஆப்பைப் பார்க்கும்போது பார்ப்பேன். வண்ண வட்டம் போட்டுக் காட்டுகிறதா என்று பார்க்க மாட்டேன். ராத்திரி இருப்பு சரி பார்க்க விடுகிறதா? இதை இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆச்சி கதைக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு ஆச்சி பலகாரம் போட்டு விற்கிறார். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் நாலு பெண்களோடு அடுப்பு வைத்திருக்கிறார். தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை, கைமுறுக்கு. கல்யாண ஆர்டர் என்றால் அந்தத் தெருவில் நடக்கிறபோதே வயிறு கிள்ளும். நாலு வருடம் முன்னால் ஒரு நாள், “தம்பி, வருஷம் பூரா அடுப்புல நிக்கிறேன், காசு வருது போகுது, மிச்சம் என்னன்னு தெரியல. உன் போன்ல ஏதாச்சும் பண்ணிக் குடு” என்றார்.

நமக்குத்தான் கை துறுதுறுக்குமே. ஒரு வாரம் கண் விழித்து ஆப் ஒன்று செய்தேன். செலவுக்கு மட்டும் 24 வகை. மளிகை, எரிவாயு, கூலி, போக்குவரத்து, மின்சாரம், பொட்டலம் கட்டுகிற சாமான் என்று தனித்தனியாகப் படம் போட்ட பொத்தான். என் மனைவிகூட நன்றாக இருக்கிறது என்றாள். அது அபூர்வம்.

மாதக் கடைசியில் போய்ப் பார்த்தால் எல்லாச் செலவும் ஒரே இடத்தில் கிடக்கிறது. ‘இதர’. கூலி இதர, எண்ணெய் இதர, உளுந்து இதர. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஆச்சி நிதானமாகக் கேட்டார்: “உப்பு வாங்கினேன். பாதி சீடைக்கு, மீதி வீட்டுக் குழம்புக்குப் போயிருச்சு. அத எதுல போட? மாவுக் கையோட உன் இருபத்திநாலு பொத்தானைத் தேடிக்கிட்டு நின்னா எண்ணெய் கருகிப் போகும். இதர கையோரமா இருந்துச்சு, அமுக்கினேன்.”

மூன்று வருடம் வாடிக்கையாளர்களுக்குச் செய்து கொடுத்ததில் புரியாதது அன்றைக்குப் புரிந்தது. கணக்கு எழுதுகிற கை மாவுக் கை.

ஆச்சி அதோடு விடவில்லை. “இன்னொண்ணு. தங்கச்சி மகனுக்கு ரெண்டாயிரம் கைமாத்துக் குடுத்தேன். உன் ஆப் செலவுங்குது. அது எப்படிச் செலவு? தீபாவளிக்கு முன்னால குடுத்துருவானே.” நியாயம்தானே? ஏடிஎம்மில் பணம் எடுத்ததையும் என் ஆப் செலவு என்றது. அந்தப் பணத்தில் அரிசி வாங்கி எழுதினால் அதையும் செலவு என்றது. ஒரே ரூபாய் இரண்டு தடவை செலவாகிறது. நகையை அடகு வைத்து வாங்கிய பணத்தை வருமானத்தில் சேர்த்து, ‘இந்த மாதம் உங்கள் வருமானம் உயர்ந்துள்ளது’ என்று பச்சை நிறத்தில் வாழ்த்து வேறு சொன்னது. கடன் வாங்கினதற்கு வாழ்த்து!

சும்மா சிரித்துவிட்டுப் போகிற விஷயமில்லை இது. கடைகளில் கிடைக்கிற பல ஆப்களும் இதே தப்பைச் செய்கின்றன, ஏனென்றால் ‘வரவு’, ‘செலவு’ என்று இரண்டே கூடை வைத்திருக்கிறார்கள். பணத்துக்கு எப்போதும் இரண்டு முனை உண்டு. எங்கிருந்து புறப்பட்டது, எங்கே போய்ச் சேர்ந்தது. இத்தாலியில் லூக்கா பசியோலி 1494-இல் இதை அச்சுப் புத்தகத்தில் எழுதினார். இங்கே பேரேடு எழுதியவர்கள் பற்று, வரவு என்று இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடைசியில் ஐந்தொகை, அதாவது மொத்த நிலைமைக் கணக்கு, எடுத்தார்கள்.

அதனால் ஆச்சியின் ஆப்பை அடியோடு மாற்றினேன். நாலே கட்டம். எவ்வளவு, எங்கிருந்து, எங்கே, குறிப்பு. எங்கிருந்து, எங்கே என்பதற்குச் சில பெயர்கள். ‘தூக்கு’ என்று ஒன்று, ஏனென்றால் ஆச்சி பணம் வைப்பது எவர்சில்வர் தூக்குவாளியில். ‘பேங்க்’ என்று ஒன்று. ‘பலகாரம்’, ‘வீடு’, ‘கைமாத்து’. ஏடிஎம்மில் எடுத்தால் பேங்கிலிருந்து தூக்குக்கு. இடம் மாறியது, செலவில்லை. தங்கச்சி மகனுக்குக் கொடுத்தால் தூக்கிலிருந்து கைமாத்துக்கு. அவன் திருப்பிக் கொடுக்கும் வரை அவன் பெயரில் அங்கேயே உட்கார்ந்திருக்கும், எங்கும் ஓடாது. நகைக்கடனுக்கும் அப்படியே ஒரு பெயர்.

அப்புறம் ஆச்சி கேட்டது, “மகமை எங்கே?” வியாபாரத்தில் வருகிறதில் இத்தனைக்கு இத்தனை என்று கோயிலுக்கும் தர்மத்துக்கும் எடுத்து வைக்கிற வழக்கம், இந்தப் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பணம் தூக்கில்தான் கிடக்கும், ஆனால் ஆச்சியுடையது இல்லை. சரி, ‘மகமை’ என்று ஏழாவது பெயர் வைத்தேன். அது வந்த பிறகுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. கல்யாண ஆர்டருக்கு வாங்குகிற முன்பணமும் அதே கதை. பலகாரம் கொடுக்கும் வரை அது கல்யாண வீட்டார் பணம். அதற்கும் ஒரு பெயர். எட்டுப் பெயர்தான் மொத்தம், இதரவுக்கு இடமில்லை.

கடைசியாக, “எல்லாம் சரி, மேல பிள்ளையார் சுழி எங்க?” என்றார். ஆப் திறந்தால் மேலே ஒரு ‘உ’ இருக்கிறது இப்போது.

முதல் நாள் ராத்திரி இருப்பு சரி பார்த்தோம். ஆப்பில் தூக்கு இருப்பு 4,260. தூக்கைக் கவிழ்த்து எண்ணினால் 3,920. 340 குறைகிறது. ஆச்சி கண்ணை மூடினார். “பால்காரனுக்கு முந்நூறு.” கொஞ்ச நேரம். “சிலிண்டர் தூக்கிட்டு வந்த பையனுக்கு நாப்பது.” முடிந்தது. அன்றைக்கே எண்ணியதால் ஞாபகம் வந்தது. ஒரு வாரம் கழித்து எண்ணியிருந்தால் ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ராத்திரி இருப்பு என்று நான் முழங்குவது இதற்குத்தான்.

“எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தானே எழுதிக்கொள்ளும் ஆப் இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது. 2016-இல் யுபிஐ வந்த பிறகு டீக்கடைப் பத்து ரூபாயும் போன் வழியாகப் போகிறது, வங்கிச் செய்தி வந்தால் அதை ஆப் பிடித்துக்கொள்கிறது. வசதிதான். ஆனால் சந்தையில் கத்தரிக்காய்க்குக் கொடுத்த ரொக்கம் அதற்குத் தெரியாது. கைமாத்தும் தெரியாது. அப்புறம், செய்திகளைப் படிக்க அனுமதி கொடுக்கிறீர்களே, ஓடிபி வருவதும் அதே பெட்டிக்குத்தான். யாருக்குக் கொடுக்கிறோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். இலவசமாகச் செலவுக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசியில் சரியாகக் கடன் விளம்பரம் காட்டுகிற ஆப்பை நான் நீக்கியிருக்கிறேன். என் இருப்பு எப்போது குறையும் என்று என்னைவிட அதற்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கணக்கை வெளியே எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். அமெரிக்காவில் ‘மின்ட்’ என்று ஒரு பெயர்பெற்ற செலவுக் கணக்கு ஆப், வருடக்கணக்காக மக்கள் பயன்படுத்தியது, 2024 மார்ச்சில் மூடப்பட்டது. ஆப் போகலாம், உங்கள் ஏடு போகக் கூடாது. அமைப்புகளில் ‘எக்ஸ்போர்ட்’ என்று ஒன்று இருக்கும், எந்த அட்டவணை மென்பொருளிலும் திறக்கிற சிஎஸ்வி கோப்பாகக் கொடுக்கும். அது இல்லாத ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

சரி, சொந்தமாகச் செய்வது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. கூகுள் ஃபார்மில் நான் சொன்ன நாலு கேள்வியைப் போடுங்கள். எவ்வளவு, எங்கிருந்து, எங்கே, குறிப்பு. எழுதியதெல்லாம் நேரத்தோடு கூகுள் ஷீட் என்கிற அட்டவணையில் வரிசையாக விழும். அந்தப் படிவத்தின் இணைப்பைப் போன் முகப்பில் வைத்துக்கொண்டால் அதுவே ஆப். ஒரு பெயருக்கு வந்தவற்றைக் கூட்டி, போனவற்றைக் கழித்தால் இருப்பு. ஆரம்ப இருப்பை முதல் வரியாகப் போட மறக்காதீர்கள், எல்லோரும் மறப்பார்கள். தேதி அமைப்பை இந்தியாவுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் ஜூன் ஐந்து மே ஆறாகிவிடும். கொஞ்சம் ஆர்வம் உள்ள பிள்ளைகள் எம்ஐடியின் ஆப் இன்வென்டரில் கட்டங்களை ஒட்டி ஒட்டி நிஜ ஆப்பே செய்யலாம்.

நிரல் எழுதுகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பணத்தைப் புள்ளி வைத்துச் சேமிக்காதீர்கள், பைசாவாக முழு எண்ணில் வையுங்கள். கணினி எல்லாவற்றையும் பாதி பாதியாகத்தான் பிரித்து வைக்கும். பத்தில் ஒரு பங்கு அதற்குள் சரியாக அடங்காது. பத்துப் பைசாவையும் இருபது பைசாவையும் புள்ளி வைத்துக் கூட்டினால் முப்பதுக்கு அப்பால், பதினேழாவது தசம இடத்தில், ஒரு 4 ஒட்டிக்கொண்டிருக்கும். வேடிக்கை என்னவென்றால் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று நம் பாட்டன்மார் வாய்ப்பாடு சொன்னார்களே, அது பாதி பாதியாக இறங்குகிற கணக்கு. ரூபாயில் பதினாறில் ஒன்று, அதாவது ஓர் அணா, கணினிக்குள் பிசிறில்லாமல் உட்காரும். 1957-இல் நயாபைசாவுக்கு மாறினபோதுதான் வம்பு தொடங்கியது. இதை நினைத்தால் எனக்குத் தனியாகச் சிரிப்பு வரும்… கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம்தானா?

பாதுகாப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வந்தேன், அவசரமாகச் சொல்கிறேன். போனுக்குப் பூட்டு, கூகுள் கணக்குக்கு இரண்டு படி உறுதிப்படுத்தல். எந்த ஆப்பிலும் யுபிஐ பின் எழுதி வைக்காதீர்கள். பல வங்கிக் கணக்கை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற அக்கவுன்ட் அக்ரிகேட்டர் வழி இருக்கிறது, 2021-இலிருந்து. நீங்கள் சம்மதம் கொடுத்தால்தான் விவரம் போகும், சம்மதத்தைத் திரும்பவும் பெறலாம். அப்புறம் மாதம் முதல் தேதி ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். பர்மாக் கடைக் கணக்கு ஊர் வீட்டுக்கு வந்துகொண்டிருந்ததே, அதேதான். ஆச்சி தன் நகலை மகளுக்கு அனுப்பிவிடுகிறார், மகள் அதைப் பார்த்துவிட்டுப் பால்காரனுக்கு ஏன் இவ்வளவு என்று சண்டைக்கு வருகிறாள். அது தனிக் கதை, நேரமில்லை. வணக்கம்.