எத்தன நாளாடா இந்த இருமல்?

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். டிக்கோயாவிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் மழையோடு மழையாக நம் இலங்கை மலையகத்தின் இந்த ஹட்டன் வரை வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வணக்கத்திலேயே நேரத்தைக் கரைக்க எனக்கு மனமில்லை.

"கிறிஸ்தவக் குடும்பத்தைக் கட்டிக் காப்பது வழிவழி வந்த வழக்கமா, வாயிலிருந்து வரும் கனிவான சொல்லா?" இந்த நத்தார், அதாவது கிறிஸ்மஸ், ஒளிவிழாவில் நமக்குத் தந்த தலைப்பு இது. நான் கனிவான சொல்லின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் வழக்கத்துக்காக வாதாடினார். மாலை ஜெபம், நத்தார்க் கேக், வருடக் கடைசி இரவு ஆராதனை, அன்றைக்குக் கையில் வாங்கும் வாக்குத்தத்த வசனம் என்று ஒவ்வொன்றாக அடுக்கினார். அழகாகத்தான் பேசினார். இறங்கும்போது ஒரு குத்து விட்டார் பாருங்கள்: "நடுவர் அவர்களே, எங்கள் தோட்டத்துக்குத் தேனொழுகப் பேசிக்கொண்டு இரண்டு பேர்தான் வருவார்கள். ஒருவர் வோட்டுக் கேட்பவர், மற்றவர் கடன் கொடுப்பவர்!" மண்டபமே கைதட்டியது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கைதட்டலைத் திருப்பி வாங்காமல் நான் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

அதற்கு முன் ஒரு லயத்துக் கதை, தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக் கதை.

என் தாத்தாவும் சின்னத் தாத்தாவும் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அடுத்தடுத்த காம்பராவில் குடியிருந்தார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. பெரியவர்களுக்கு அளவு சொல்லத் தேவையில்லை. அந்த லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. இந்த வீட்டில் வெங்காயம் வதக்கினால் அடுத்த வீட்டில் பசிக்கும். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டில் "நூறு வயசு" என்பார்கள். அப்படிப்பட்ட சுவர்.

1961ஆம் வருட நத்தார். சின்னத் தாத்தா தன் மகளுக்கு, அதாவது என் அத்தைக்கு, வெள்ளைச் சட்டை ஒன்று தைத்துப் போட்டுக் கூட்டி வந்திருக்கிறார். ஆறு வயதுப் பிள்ளை. கழுத்தில் லேஸ் வைத்த சட்டை. சர்ச் வாசலில் அத்தனை பேர் நிற்கிறார்கள். என் தாத்தா பார்த்தார், கேட்டார்: "இதுவும் கடைக்காரன் கடன்தானா?"

நாலு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. ஒன்பது வருடம்.

இப்போது கவனியுங்கள் நடுவர் ஐயா. பேச்சு நின்றது, வழக்கம் நின்றதா? இல்லை! எங்கள் பூட்டன், அந்த இருவருக்கும் தகப்பன், மாலை ஜெபத்துக்கு ஒரு வரிசை வகுத்துக் கொடுத்திருந்தார். திங்கட்கிழமைக்கு இந்தச் சங்கீதம், செவ்வாய்க்கிழமைக்கு இந்தக் கீர்த்தனை என்று. இரண்டு பேருமே அப்பா சொல் தட்டாத பிள்ளைகள். ஆகவே ராத்திரி ஏழு மணிக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் தாத்தா பாட்டெடுப்பார், அந்தப் பக்கம் சின்னத் தாத்தா அதே பாட்டை எடுப்பார். இவர் சுருதி ஏற்றினால் அவர் இன்னும் ஏற்றுவார். அடுத்த லயத்துப் பிள்ளைகள் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்களாம்.

நத்தார்க் கேக்கும் நின்றதில்லை. அண்ணன் வீட்டுக் கேக் தம்பி வீட்டுக்குப் போயே ஆக வேண்டும், அது பூட்டன் காலத்து வழக்கம். ஆனால் பேச்சுவார்த்தை இல்லையே, யார் கொண்டு போய்க் கொடுப்பது? மூன்றாவது வீட்டில் ஓர் அக்கா இருந்தார், மாரியம்மனைக் கும்பிடுகிறவர். நத்தார் காலையில் அந்த அக்கா இந்த வாசலில் தட்டை வாங்கி, அந்த வாசலில் கொடுத்து, அந்தத் தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாதே, அதில் கொக்கிஸ் பலகாரம் வாங்கி இந்த வாசலில் கொண்டு வந்து கொடுப்பார். இரண்டு வாசலுக்கும் நடுவில் நாலு எட்டு. எட்டு நத்தாருக்கு அந்த நாலு எட்டை அந்த அக்காதான் நடந்தார்.

எதிரணி அண்ணன் கேட்ட எல்லா வழக்கமும் அந்த இரண்டு வீட்டில் இருந்தது. ஜெபம் இருந்தது, கேக் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆளுக்கொரு பெஞ்சும் இருந்தது. 3,000க்கும் மேற்பட்ட மாலைகள் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்று சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். கடன் என்ற ஒரு சொல்லால் பிரிந்த இரண்டு பேர், அந்தச் சொல்லைத் தினமும் வாயால் சொல்லி, மன்னிப்பை மட்டும் சொல்லாமல் படுத்தார்கள். இதைக் குடும்பம் என்று சொல்ல முடியுமா?

சரி, 1970க்கு வருகிறேன். ஆனி மாதம். மஸ்கெலியா மழை. என் அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறார். ஏழு மணி, இரண்டு பக்கமும் பாட்டுத் தொடங்குகிறது. இரண்டாவது சரணத்தில் அந்தப் பக்கத்துக் குரல் உடைகிறது. இருமல். நிற்காத இருமல். தாத்தா இன்னும் ஒரு வரி தனியாகப் பாடினாராம். அப்புறம் அவரும் நிறுத்திவிட்டார். கூரைத் தகரத்தில் மழை மட்டும் விழுகிறது. அப்பாயி, என் அப்பாவின் அம்மா, தாத்தாவின் முகத்தைப் பார்க்கிறார். தாத்தா சுவரைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, பாட்டுப் பாடுகிற குரலில் இல்லை, ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்கிறார்:

"தம்பி... எத்தன நாளாடா இந்த இருமல்?"

பின்வரிசையில் இருக்கிற அம்மாமாருக்குக் கேட்டிருக்காது, இன்னொரு தடவை சொல்கிறேன். ஒன்பது வருடம் பேசாதவர் அன்றைக்குச் சுவரைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, எத்தன நாளாடா இந்த இருமல்?" என்னை மன்னித்துவிடு என்று சொல்லவில்லை. சர்ச் வாசலில் நடந்ததைக் கிளறவில்லை. வசனம் எடுத்துப் பேசவில்லை. இருமலைக் கேட்டார், அவ்வளவுதான்.

அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் இல்லை. அப்பா அந்த அமைதியை எங்களுக்குச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் நிறுத்துவார், நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம். அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒரு கிழமையா அண்ணே."

அண்ணே! அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்பாயி அடுப்படிக்கு ஓடினார். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் தட்டிப் போட்டு அவித்து, கட்டில் மேல் ஏறி, சுவருக்கு மேலே குவளையை நீட்டினார். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து வாங்கியது.

நடுவர் ஐயா, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக இரண்டு வீட்டிலும் மாலை ஜெபம் பாதியில் நின்றது அன்றைக்குத்தான். வழக்கம் தவறிய நாளில்தான் எங்கள் குடும்பம் சேர்ந்தது.

இப்போது அந்தக் குத்துக்கு வருகிறேன். தேனொழுகப் பேசுகிறவர் கடன் கொடுக்க வருகிறவர் என்றீர்களே அண்ணன், அந்தக் கடன்காரரை எனக்கும் தெரியும். பணம் கொடுக்கிற அன்றைக்கு "அக்கா, அக்கா" என்பார். தவணை ஒரு கிழமை பிந்தட்டும், அதே வாசலில் நின்று லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி என்ன பேசுவார்? எங்கள் லயத்தில் நான் கண்ணால் பார்த்தேன். கொழுந்துக் கூடையை இன்னும் இறக்கி வைக்காத ஒரு தாய். பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். அவர் கத்துகிறார். அந்தத் தாய் தலையை நிமிர்த்தவே இல்லை. தேன் என்று சொன்னீர்களே, அது பணம் திரும்பி வரும் தேதிவரைக்கும்தான் தேன்.

அன்றைக்கு அதே லயத்தில் இன்னொரு சொல்லும் பேசப்பட்டது. அதை நீங்கள் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் இறங்கி வந்து, அந்தத் தாயின் கூடையைத் தன் கையால் இறக்கி வைத்து, "நீங்க உள்ள போயி தேத்தண்ணி குடிங்க அக்கா, நான் பேசிக்கிறேன்" என்றாள். அவளும் "அக்கா" என்றாள், இவரும் "அக்கா" என்றார். ஒரே சொல்தான். இவருடைய அக்காவுக்கு வட்டி உண்டு, அவளுடைய அக்காவுக்கு வட்டி கிடையாது. நான் பேச வந்தது அந்த வட்டி இல்லாத அக்காவைப் பற்றி! அதைக் கடன்காரரோடு சேர்த்துக் கட்டிவிட்டுக் கைதட்டல் வாங்குவது நியாயமில்லை அண்ணன். அவள் அன்றைக்கு அந்த வாசலில் பேசியிருக்காவிட்டால் அந்த வீட்டில் என்ன நடந்திருக்குமோ என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு நடுங்குகிறது.

சொல்லில் என்ன இருக்கிறது என்று மலையகத்தில் பிறந்தவர் யாரும் கேட்கக்கூடாது. 1854இல் இந்த மலைகளுக்குச் சுவிசேஷம் சொல்ல ஒரு மிஷன் தொடங்கினார்கள். உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள், அந்த உழைப்பை நான் கும்பிடுகிறேன். ஆனால் அந்த மிஷனுக்கு வைத்த பெயர் என்ன? தமிழ்க் கூலி மிஷன். அன்பைச் சொல்ல வந்த இடத்திலும் நம்மைக் கூலி என்றுதான் எழுதினார்கள். பின்னால் அந்தச் சொல்லைப் பெயரிலிருந்து எடுத்தார்கள். ஏன் எடுத்தார்கள்? அது சுட்டது, அதனால். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, நம் முன்னோர் வந்த பாதையில் நம் பிள்ளைகள் நடந்தார்களே, 200 வருடத்துக்குப் பிறகு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, மற்றவர்களுக்குச் சமமான மக்கள் என்று நம்மை மதிக்க வேண்டும் என்பது. வெளியே இருக்கிறவர் நம்மை மதிக்க வேண்டும் என்று கேட்கிற நாம், வீட்டுக்குள் நம் பிள்ளையை, மனைவியை, தம்பியை எப்படிப் பேசுகிறோம்? "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று எபேசு சபைக்குப் பவுல் எழுதினார். ஜெபத்துக்கு ஏழு மணி என்று நேரம் குறித்த என் தாத்தாவுக்கு, அந்தச் சூரியன் அஸ்தமிக்க ஒன்பது வருடம் எடுத்தது.

மணி அடிக்கப் போகிறீர்கள் நடுவர் ஐயா, தெரிகிறது. கதையில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

1964 ஒக்டோபர் 30 அன்று சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று, குடியுரிமை இல்லாதிருந்த நம்மை இரண்டு நாட்டு அரசுகளும் பங்கு போட்டன. அந்தப் பங்கில் தாத்தா இந்தப் பக்கம் விழுந்தார், சின்னத் தாத்தா அந்தப் பக்கம் விழுந்தார். 1973இல் பயணம் வந்தது. சேர்ந்து மூன்றே வருடம். இந்த மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே ஹட்டன் ஸ்டேஷன், அங்கேதான் வழியனுப்பினார்கள். தலைமன்னாருக்குப் போன அந்தக் கோச்சிக்கு நம் ஆட்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. ஏறினவரும் அழுதார், நின்றவரும் அழுதார். கப்பலேறி ராமேஸ்வரம் போய், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் கூடலூர்.

கோச்சி நகரத் தொடங்கிவிட்டது. தாத்தா ஜன்னலோடு சேர்ந்து நடக்கிறார். உள்ளே சின்னத் தாத்தா, பக்கத்தில் பதினெட்டு வயதில் என் அத்தை. தாத்தா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்:

"தம்பி, அன்னைக்குப் புள்ளையோட வெள்ளச் சட்ட ரொம்ப அழகா இருந்திச்சுடா."

பன்னிரண்டு வருடம் கழித்துச் சொன்னார். பிளாட்பாரம் முடிந்துவிட்டது. தாத்தா நின்றுவிட்டார். இரண்டு பேரும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

சின்னத் தாத்தா இப்போது இல்லை. பூட்டன் வகுத்த வரிசையை அத்தை மறந்துவிட்டார். அங்கே வேறு சபை, வேறு பாட்டு, அவர்கள் வழக்கமே வேறு. ஆனால் அந்த ஜன்னலோரம் கேட்டது ஓர் எழுத்துக்கூட மறக்கவில்லை. கூடலூரிலிருந்து வட்ஸ்அப்பில் கூப்பிடும்போதெல்லாம் "எங்க பெரியப்பா கடைசியா என் சட்டையைத்தான் சொன்னாரு" என்று ஒரு தடவையாவது சொல்லிவிடுவார்.

இன்றைக்குக் காலையிலும் கூப்பிட்டார். பட்டிமன்றத்துக்குப் போகிறேன் அத்தை என்றேன். எந்தத் தலைப்பு, எந்த அணி என்று ஒன்றும் கேட்கவில்லை. "ஹட்டன்ல மழையாமே. கழுத்துக்குத் துணி சுத்திக்கிட்டுப் போ, இருமல் வந்துரும்" என்றார்.

சுற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.