இடுப்பில் தொங்கிய சாதிக்காய்த் துருவி

நேயர்களுக்கு வணக்கம். குன்னூரில் 40 வருடமாக வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன். கொலுசுக்கு மணி கோப்பது, அரைஞாணுக்குக் கொக்கி மாற்றுவது, இதெல்லாம் அன்றாட வேலை. இன்று நான் பேச வந்தது வேறு ஒரு பொருளைப் பற்றி. நகை மாதிரித் தொங்கவிட்டுக்கொள்கிற ஒரு சின்ன வெள்ளித் துருவி.

துருவி என்றதும் தேங்காய்தான் நினைவுக்கு வரும். அது வேண்டாம். அஞ்சறைப்பெட்டி மூலையில் ஒரு சாதிக்காய் கிடக்குமே, அதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். அந்த ஒரு காய் உள்ளே படுத்துக்கொள்ள எவ்வளவு இடம் வேண்டுமோ, அந்த அளவுக்கு ஒரு வெள்ளிச் செப்பு, அதாவது சிமிழ். அதற்குள்ளேயே துருவவும் செய்யலாம்.

இதை நான் முதலில் பார்த்தது ஒரு மழைநாளில். ஓர் அம்மா பட்டறைக்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தார். முட்டை வடிவம், ஆனால் கோழிமுட்டையில் பாதிகூட இல்லை. தலையில் ஒரு வளையம். "எங்க பாட்டி எஸ்டேட் பங்களாவுல ஆயாவா இருந்தாங்க. துரைசானி சீமைக்குப் போறப்ப குடுத்ததாம். சாவிக்கொத்தோட இடுப்புல சொருகியிருப்பாங்க. திருநீறு வெச்சிருந்தாங்க. உள்ள எதுக்கு ஒரு சல்லடைன்னுதான் தெரியல" என்றார்.

அதற்கு முன்பே ஒரு கடையில் காட்டியிருக்கிறார். "தகடு இரும்பு, அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் எடை போடுவேன்" என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. அந்தத் தகடுதானே அந்தப் பொருளே!

திறந்து பார்த்தேன். மேலே ஒரு மூடி, கீழே ஒரு மூடி, நடுவில் பொட்டுப் பொட்டாய் ஓட்டை போட்ட தகடு. சல்லடை என்றால் இரண்டு பக்கமும் வழவழப்பாக இருக்க வேண்டும். இதில் ஒரு பக்கம் விரல் வழுக்கியது, மறுபக்கம் பூனை நாக்கு மாதிரி சுரசுரவென்று பிடித்தது. அடியிலிருந்து ஊசி உளியால் குத்தி, எழும்பிய பிசிறை அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தப் பிசிறுதான் பல். வெள்ளி மெத்தென்ற உலோகம், சாதிக்காயோடு மல்லுக்கட்டினால் பல் சீக்கிரம் மழுங்கிவிடும். அதனால்தான் வெள்ளிச் செப்புக்குள் இரும்புத் தகடு. தெரிந்து செய்த வேலை அது.

வீட்டிலிருந்து ஒரு சாதிக்காய் கொண்டுவரச் சொன்னேன். பர்லியார் பக்கம் வாங்கியது. நாலே இழுப்பு. கீழ் மூடிக்குள் காப்பி நிறத்தில் தூள் விழுந்தது. அந்த அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "பாயச வாசம்" என்றார். அப்புறம் விற்கிற பேச்சே எடுக்கவில்லை.

சரி, இதை ஏன் உடம்போடு வைத்துக்கொண்டார்கள்? 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'பஞ்ச்' என்றொரு பானம் குடிப்பார்கள். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைப் பொருள் என்று ஐந்து சேர்வதால், நம் நாட்டு 'பாஞ்ச்' என்ற சொல்லே அங்கே பெயரானது என்பார்கள். மேலே சாதிக்காய்த் தூள் தூவ வேண்டும். அரைத்து வைத்தால் வாசம் ஓடிவிடும், அப்போதைக்கப்போது துருவ வேண்டும். ஆண்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்கள். பெண்களுக்கு இடுப்புச் சங்கிலி இருந்தது. கத்தரி, சாவி, ஊசிக்கூடு இவற்றோடு இதுவும் தொங்கியது.

நமக்கு இது புதிதா? வெள்ளி வளையத்தில் முள்வாங்கியும் குறும்பிவாங்கியும் கோத்து இடுப்பில் செருகிய பாட்டிமார்களை நான் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்புக் கரண்டகம் இன்னொன்று. நம் வெற்றிலைக்கும் தக்கோலம், தீம்பூ, இலவங்கம், கற்பூரம், சாதிக்காய் என்று ஐந்து வாசம் உண்டு. அங்கே ஐந்து, இங்கேயும் ஐந்து. போட்டுக்கொள்கிற நகையே வேலையும் செய்யும். அதனால்தான் சொல்கிறேன், அந்தத் தகட்டைக் கழற்றாதீர்கள்.

அந்தக் காய்க்கு இருந்த மதிப்பும் சாதாரணமில்லை. ஒரு காலத்தில் சாதிக்காய் விளைந்தது இன்றைய இந்தோனேசியாவில் இருக்கிற பண்டா தீவுகளில் மட்டும்தான். அதில் ரன் என்றொரு குட்டித் தீவு. 1667-ல் பிரெடா உடன்படிக்கையில் ஆங்கிலேயர் அதை டச்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள், பதிலுக்கு ஆங்கிலேயர் கையில் நின்றது இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன். பிற்பாடு கன்றுகள் கடல் தாண்டின. இன்று மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறினால், பர்லியார் பண்ணையில் அந்த மரத்தையே பார்க்கலாம். காய் வெடித்து, உள்ளே சிவப்பாய்ச் சாதிபத்திரி...

நேரமாகிவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். இங்கிலாந்து வெள்ளியில் குத்தியிருக்கும் முத்திரைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். நடக்கிற சிங்கம் இருந்தால் 92.5 சதவீத வெள்ளி. நங்கூரம் என்றால் பர்மிங்காம் நகரத்து முத்திரை, 1773-க்குப் பிறகு. ராஜா ராணி தலை இருந்தால் 1784-லிருந்து 1890-க்குள். பழைய சின்னச் செப்புகளில் செய்தவரின் எழுத்து மட்டும்கூட இருக்கும். புளி போட்டுத் தேய்த்தால் இவை எல்லாம் அழிந்துவிடும். தண்ணீரில் முக்காதீர்கள், நம் மலை ஈரத்துக்கே இரும்பு துருப்பிடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டியில் ஒரு சாக்பீஸோடு வையுங்கள். தகட்டை மட்டும் கழற்றாதீர்கள். வணக்கம்.