மாசச் சம்பளம் வராத வீட்டில் மிச்சம் பிடிப்பது எப்படி?

(காட்சி: மண்டபம் கடற்கரை, விடியற்காலை. மணலில் கொட்டிய மீன், சுற்றி நிற்கும் ஆட்கள்.)

வணக்கம் மக்களே. பணத்தை மிச்சம் பிடிப்பது பற்றி நிறைய வீடியோ பார்த்திருப்பீர்கள். எல்லாரும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்கள், சம்பளம் வந்ததும் இத்தனை சதவீதத்தை எடுத்துத் தனியாக வையுங்கள் என்று. சரி, சம்பளமே வராத வீடு என்ன செய்யும்? எங்கள் அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். வாரத்தில் மூன்று நாள் கடல், அதிலும் காற்று அடித்தால், புயல் கூண்டு ஏற்றினால், வேலைநிறுத்தம் என்றால் அதுவும் இல்லை. ஒரு நாள் 1,500 ரூபாய் பங்கு வரும், அடுத்த தடவை டீசலுக்கே பத்தவில்லை என்று 200 ரூபாயோடு வீட்டுக்கு வருவார். அதனால் இந்த வீடியோவில் மாசக் கணக்கு கிடையாது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் இந்தக் கரையில் இருக்கிற வீடுகளுக்கு ஒத்து வருகிற கணக்கு மட்டும்தான்.

முதலில் பெரிய ஓட்டையை அடைப்போம். அது டீயும் இல்லை, பலகாரமும் இல்லை, வட்டி.

ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. இது நேற்று திடீரென்று வந்த விஷயம் இல்லை, வருஷா வருஷம் தேதி தெரிந்து வருகிறது. ஆனாலும் மே மாதம் பிறந்தால் எங்கள் தெருவில் பாதிப் பேர் வட்டிக்கு வாங்கத்தான் நிற்பார்கள். நூற்றுக்கு மூணு வட்டி என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். 10,000 வாங்கினால் மாசம் 300, வருஷத்துக்கு 3,600. அதாவது 36 சதவீதம். இதைவிட மோசம் மீன் வியாபாரியிடமே முன்பணம் வாங்குவது. அவர் வட்டி கேட்க மாட்டார், ரொம்ப நல்ல மனுஷன் மாதிரி இருக்கும். ஆனால் அப்புறம் மீனை அவரிடம்தான் போட வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். அந்த வட்டி எந்த நோட்டிலும் எழுதப்படாது, அதனால்தான் யாருக்கும் உறைப்பதில்லை.

(காட்சி: பழைய பிஸ்கட் தகர டப்பா, பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு.)

எங்கள் அம்மா போட்ட கணக்கு இது. வீட்டுச் சாமான், கேஸ், தண்ணி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 250 ரூபாய். 61 நாளுக்கு 15,250. மீதிப் பத்து மாசத்தில் அப்பா குறைந்தது 90 தடவையாவது கடலுக்குப் போவார் என்று வைத்துக்கொண்டார். 15,250-ஐ 90-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 170 வரும். ஆக, அப்பா கரைக்கு வந்து பங்குப் பணத்தைக் கையில் கொடுத்ததும் முதலில் 170 ரூபாய் டப்பாவுக்குள் போய்விடும். மாசா மாசம் இல்லை, போகிற தடவைக்கு இவ்வளவு. 200 ரூபாய் வந்த அன்றைக்கும் 170 போட்டாரா என்று கேட்காதீர்கள், அன்றைக்கு வீட்டில் சண்டைதான் நடந்தது. ஆனால் போடாத பணத்தைக் கடன் என்று நோட்டில் எழுதி, அடுத்த நல்ல நாளில் சேர்த்துப் போட்டுவிட்டார்.

டப்பாவில் பணம் கூடினால் கை நமநமக்கும், தெரிந்த விஷயம்தான். 2,000 சேர்ந்ததும் அம்மா அதைக் கொண்டுபோய் வங்கியில் போட்டுவிடுவார். ஏடிஎம் கார்டு பீரோவின் அடித் தட்டில், சேலைக்குக் கீழே. அஞ்சலகத்தில் மாசம் 100 ரூபாயிலிருந்து தொடர் வைப்புக் கணக்கு ஆரம்பிக்கலாம், ஆனால் அது ஐந்து வருஷத்துக்கு. பிள்ளை படிப்புக்கு நல்லது, தடைக்காலத்துக்கு உதவாது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் அரசாங்கத்தின் பணம். தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 5,000 ஆக இருந்ததை 8,000 ஆக்கினார்கள், அந்த அறிவிப்பும் 2023-இல் இதே மண்டபத்தில் நடந்த மாநாட்டில் வந்ததுதான். சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டம் என்று இன்னொன்று இருக்கிறது, நாம் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500-ஆகத் திருப்பித் தரும், மீனவப் பெண்களுக்கும் இது உண்டு. நூற்றுக்கு மூணு வட்டி வாங்குகிறவர் யாரும் நமக்கு இப்படித் தர மாட்டார், மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டுச் சேருங்கள். ஆனால் இந்தப் பணத்தை அரிசிக் கணக்கில் சேர்க்காதீர்கள். கணக்கில் ஏறுகிற வரைக்கும் அது நம் பணம் இல்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஷூ, பை என்று செலவு நிற்கும் பாருங்கள், அதற்கு வைத்துக்கொள்ளலாம்.

(காட்சி: ஏலம். கூறு கூறாக மீன்.)

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். கடல் பக்கத்தில் இருந்துகொண்டு வண்டியில் வருகிற மீனை வாசலில் நின்று வாங்குகிறவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். ஏலம் முடிகிற நேரத்தில் கரைக்குப் போங்கள். கம்பெனிக்காரர் எடுக்காத சூடை, காரல் மாதிரிச் சின்ன மீன் எல்லாம் கூறு போட்டுக் கிடக்கும். மூன்று வீடு சேர்ந்து ஒரு பெரிய கூறாக எடுத்துப் பிரித்துக்கொண்டால் இன்னும் மலிவு. முள் அதிகம் என்று முகம் சுளிக்கும் பிள்ளைகளுக்கு அம்மா காரலில் சொதி வைத்துக் கொடுப்பார், அப்புறம் சத்தமே வராது.

சூடை மலிந்து கிடக்கும் நாளில் கருவாடு போட்டுவிடுங்கள். குடலை எடுத்து, நன்றாகக் கழுவி, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல்லுப்பு. வாலிநோக்கத்தில் அரசு உப்பு நிறுவனமே இருக்கிற மாவட்டம் இது, உப்புக்கு யோசிக்காதீர்கள். ஒரு ராத்திரி மூடி வைத்து, காலையில் அலசி, பழைய வலையைக் கட்டில் உயரத்துக்கு இழுத்துக் கட்டி அதன் மேல் காயப் போடுங்கள். மணலில் போட்டால் சாப்பிடும்போது பல்லில் நறநறக்கும், அப்புறம் அந்தக் கருவாட்டை பூனைகூடத் தொடாது. தடைக்காலத்தில் மீன் விலை ஏறி நிற்கும்போது இந்தக் கருவாடும் ரேஷன் அரிசியும் போதும். ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வாசனை பிடிக்கவில்லை என்று பாமாயிலை விட்டுவிடுகிறவர்கள் பொரிக்க மட்டுமாவது வாங்குங்கள்.

(காட்சி: தள்ளுவண்டியில் பிளாஸ்டிக் குடங்கள்.)

தண்ணிக்கும் நாம் காசு கொடுக்கிறோம், சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். எங்கள் தெருவில் குடம் 10 ரூபாய். ஐப்பசி, கார்த்திகையில் மழை வரும்போது அத்தனையும் தெருவில் ஓடிக் கடலுக்குப் போகிறது. 400 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 370 லிட்டர். பதினைந்து லிட்டர் குடத்தில் 24 குடம், 240 ரூபாய். முதல் மழையைக் கீழே விட்டு மாடியைக் கழுவிவிடுங்கள், அடுத்த மழைக்குக் குழாய் வாயில் பழைய வேட்டியைக் கட்டி டிரம்மில் பிடியுங்கள், கொசு போகாமல் மூடி வையுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு, உப்புத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, தேய்த்துத் தேய்த்தே கட்டி கரையும். மழைத்தண்ணியில் துவைத்தால் பாதி சோப்பு போதும்.

கரண்ட் பில்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம், எல்லாருக்கும் தெரியும். தெரியாதது 500 யூனிட் கணக்கு. அதை ஒரு யூனிட் தாண்டினாலும் தாண்டியதற்கு மட்டும் விலை ஏறாது, அதுவரை குறைந்த விலையில் இருந்த 101 முதல் 200 வரைக்கும் அடுத்த படியின் விலை போடுவார்கள். ஏசி இருக்கிற வீடு ஒன்றரை மாசத்தில் ஒரு தடவை மீட்டரை எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ஃபேன் 75 வாட். நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாசத்துக்கு 72 யூனிட். பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில்தான் எடுக்கும், 29 யூனிட்டில் முடிந்துவிடும். விலை கூடத்தான், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம், படுக்கிற அறையில் ஓடுவதை மட்டும் முதலில் மாற்றுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம், ரப்பரை மட்டும் மாற்றினால் போதும்.

உப்புக்காற்று பற்றிச் சொல்லாவிட்டால் இந்த ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஆடி மாசத் தள்ளுபடியில் மலிவாக இரும்புக் கட்டில் வாங்கினோம், இரண்டே வருஷத்தில் கால் உதிர்ந்துவிட்டது. விலை அதிகமானாலும் மரம், அலுமினியம், எவர்சில்வர் என்று பார்த்து வாங்குங்கள். சைக்கிள் செயினுக்கும் கேட் கீலுக்கும் வாரம் ஒரு தடவை எண்ணெய்த் துணி.

(காட்சி: மறுபடி தகர டப்பா. உள்ளே ஒன்றும் இல்லை.)

டப்பா என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அப்பா 90 தடவை போகவில்லை, 83 தடவைதான் போனார். சேர்ந்தது 14,110. ஜூன் 9 ராத்திரி அம்மா நோட்டில் கோடு போட்டார், கையில் மிச்சம் 110 ரூபாய், இன்னும் ஐந்து நாள் பாக்கி. பெரியம்மாவிடம் 1,200 ரூபாய் கைமாற்று வாங்கி ஒப்பேற்றினோம், வட்டி கிடையாது, அப்பா கடலுக்குப் போன முதல் வாரமே திருப்பிக் கொடுத்தாயிற்று. இந்த வருஷம் நோட்டின் முதல் பக்கத்தில் 170-ஐ அடித்துவிட்டு 185 என்று எழுதி வைத்திருக்கிறார். அப்பா அதைப் பார்த்து இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.