20 சதவீதம் போச்சு! காஞ்ச ஏரி விண்கல் ரிசல்ட்

வணக்கம் மக்களே! ரிசல்ட் வந்துடுச்சு. போன வீடியோல காட்டினேனே, அமெரிக்காவுல மொஹாவி பாலைவனத்துக் காஞ்ச ஏரியில கிடந்த கருப்புக் கல்லு, 31 கிராம், அது விண்கல்லேதான்! என்ன வகைன்னு சொல்றேன், இருங்க. முதல்ல ஒரு பஞ்சாயத்து.

கமெண்ட்ல பாதிப் பேர் "அக்கா, மேக்னெட் ஒட்டுதான்னு பாருங்க"ன்னு எழுதறீங்க. பாக்க மாட்டேன். அந்த நியோடிமியம் காந்தம், ரொம்ப பலமானது, ஒரு தடவை பட்டாலே போதும், கல்லுக்குள்ள இருக்கற பழைய காந்தப் பதிவு, அதாவது அது உருவான இடத்துல இருந்த காந்தப்புலத்தோட தடம், அழிஞ்சிடும். பிளாக் பியூட்டின்னு ஒரு செவ்வாய்க் கல்லு, 2011ல மொராக்கோவுல வாங்கினது. அதோட துண்டுகளுக்கு இந்தக் கதிதான் ஆச்சுன்னு 2023ல ஆராய்ச்சிக் கட்டுரையே வந்துச்சு. நூறு கோடிக்கணக்கான வருஷமா இருந்த பதிவு, எவனோ ஒட்டிப் பாத்ததுல காலி. கடுப்பா வருதா இல்லையா?

சரி, அந்த 20 சதவீதம். கல்லுக்கு அதிகாரபூர்வமா பேர் வேணும்னா விண்கல் சங்கத்தோட பெயர்க் குழு ஒத்துக்கணும். அதுக்கு 20 கிராம், இல்ல மொத்த எடையில 20 சதவீதம், எது கம்மியோ அதை ஒரு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நிரந்தரமா கொடுத்துடணும். நம்ம கல்லுக்கு 6.2 கிராம். கேக்க சின்னதாத்தான் இருக்கு. ஆனா சமையலறைத் தராசுல வெச்சுப் பாத்தேன், மனசு ஆறல. மறுபடியும் வெச்சுப் பாத்தேன். அறுக்கறப்ப ரம்பத்துல தூளாப் போனது வேற! வீட்டுக்காரர் "ஆறு கிராமுக்கா இவ்ளோ புலம்பற?"ங்கறார். தங்கம்னா இப்படிச் சொல்வாரா?

எதுக்கு அவ்ளோ கொடுத்து அனுப்பினேன்னா, சுப்பீரியர் வேலி 014ன்னு ஒரு விண்கல். அதுவும் இதே மொஹாவி. அங்க கிடைக்கற விண்கல்லுல பெரும்பாலானது சாதாரண காண்ட்ரைட்ங்கற சகஜமான வகை. ஆனா இந்த 014 அகாபுல்கோயைட்ங்கற அபூர்வ வகை! 1976ல மெக்சிகோவுல அகாபுல்கோ பக்கத்துல விழுந்த கல்லை வெச்சு வந்த பேர். காண்ட்ரைட்டை வெட்டினா பாயசத்துல ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையா தெரியும். அகாபுல்கோயைட்ல அந்த ஜவ்வரிசி பெரும்பாலும் கரைஞ்சு போயிருக்கும். தாய்க்கோள், அதாவது இந்தக் கல்லு உடைஞ்சு வந்த குறுங்கோள், சூடாகி, பாதி உருகி, அப்படியே நின்னுபோன பதம். இதை வெளியில இருந்து பாத்துச் சொல்லவே முடியாது.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். ஏரி நடுவுல வெளிர் களிமண்ணா இருக்கறதால கருப்பா எது கிடந்தாலும் கண்ணுல படும். ஆனா பூமிக் கல்லும் வெயில்ல கருப்பு மெருகு ஏறிக் கிடக்கும், ஏமாந்துடாதீங்க.

எங்க விட்டேன்? லேப். மெல்லிசா சீவி, எலக்ட்ரான் மைக்ரோபுரோப்ங்கற கருவியில வெச்சு, ஆலிவின் கனிமத்துல இரும்பு பங்கு எவ்ளோன்னு அளப்பாங்க. ஃபயலைட் நம்பர்னு பேர். சாதாரண காண்ட்ரைட்லயே எச்னு ஒரு வகை, அதுக்கு 16ல இருந்து 20 வரைக்கும் வரும். அகாபுல்கோயைட்டுக்கு அதுக்கும் கீழ. மெயிலைத் திறக்கறேன், கை நடுங்குது... 18.6.

எச்5. அதாவது எச் வகை, 5ங்கறது தாய்க்கோள்ல எவ்ளோ சூடுபட்டதுங்கற படி. உலகத்துலயே ரொம்ப சகஜமா கிடைக்கற வகைகள்ல ஒண்ணு. துரு அளவு டபிள்யூ3, அதாவது உள்ள இருந்த இரும்புல பெரும்பகுதி துருப்பிடிச்சாச்சு. பரவாயில்ல! என் கல்லு, பேரோட பதிவேட்டுல வரப்போகுது.

அதுலயும் ஒரு வயித்தெரிச்சல். எந்த ஏரின்னு இத்தனை வீடியோல மூச்சு விடாம இருந்தேன்ல? பதிவேட்டுல இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் போட்டுடுவாங்க. கிளம்பி வர்றவங்க, தேசியப் பூங்காக்குள்ள கால் வெச்சு எதையும் பொறுக்கிடாதீங்க, தப்பு. அமெரிக்க நில மேலாண்மைத் துறையோட பொது நிலத்துல எடுக்கலாம், அதுவும் ஒருத்தருக்கு வருஷத்துக்கு 10 பவுண்டு வரைக்கும், சொந்த உபயோகத்துக்கு.

அதனால "அக்கா எவ்ளோவுக்கு விப்பீங்க"ன்னு கேக்கறவங்களுக்கு: விக்கறதுக்குத் தனி அனுமதி வேணும், என்கிட்ட அது இல்ல, இருந்தாலும் தர மாட்டேன்.